சதை டெஸ்டின் பூர்வகதை

1984 ஐப்பசி, அடைமழை. பஸ் ஸ்டாண்டிலிருந்து நனைந்துகொண்டே வந்த பெரியவர் ஒருவர், மஞ்சள் பைக்குள்ளிருந்து ஒரு டானிக் பாட்டிலை எடுத்து எங்கள் லேப் ஜன்னலில் வைத்தார். லேபிளைச் சுரண்டிப் பார்த்திருக்கிறார்கள், பாதிதான் போயிருந்தது.

"சம்சாரத்துக்குக் கழுத்துல கட்டி தம்பி. அறுத்து எடுத்தது. இங்கதான் டெஸ்ட் பண்ணுவாங்கன்னு குடுத்துவிட்டாங்க."

மூடியைத் திறந்தேன். ஃபார்மலின் என்றால் கண்ணைக் கரிக்க வேண்டும். கரிக்கவில்லை. கெட்டுப்போன மீன் வாடை அடித்தது. யாரோ ட்ரிப்ஸ் ஏற்றுகிற சலைனை ஊற்றி மூடி அனுப்பியிருந்தார்கள். அறுத்து இரண்டு நாள் ஆகியிருந்தது. எங்கள் பேத்தாலஜி டாக்டரம்மா ஒரு துளி நேரம்தான் பார்த்தார். "இதுல ஒண்ணும் சொல்ல முடியாது, திரும்ப எடுக்கச் சொல்லு" என்றார்.

போய்ச் சொன்னேன். பெரியவர் கொஞ்ச நேரம் பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மறுபடியும் கத்தி வச்சா பரவிடும்னு சொல்றாங்களே தம்பி, நெசமா?" என்று கேட்டார்.

நான் வேலையில் சேர்ந்து மூன்று வருஷம். சதையை மெழுகில் புதைக்கத் தெரியும், மைக்ரோடோமில் சீவத் தெரியும், சாயம் ஏற்றத் தெரியும். இதற்குப் பதில் தெரியாது. "டாக்டரைக் கேளுங்க ஐயா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் திரும்பி வரவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடப்போய்த்தான் என் தொழிலின் பழங்கதைகளைப் படிக்க ஆரம்பித்தேன். 2017இல் ஓய்வு பெறும்வரை 36 வருஷம் அதே வாடையில் இருந்துவிட்டேன். இப்போதும் சொந்தக்காரர்கள் வீட்டில் யாருக்காவது சதை டெஸ்ட் சொல்லிவிட்டால் எனக்குத்தான் போன் வரும். "மாமா, அப்பாவுக்குப் பயாப்சி எடுக்கணுமாம், என்ன கேக்கணும்?" நான் டாக்டர் இல்லை, வைத்தியம் சொல்வதில்லை. ஆனால் இந்தக் கதைகளைச் சொல்வேன். கேட்க வேண்டிய கேள்விகள் எல்லாம் இவற்றுக்குள்ளேயே இருக்கின்றன.

பயாப்சி என்கிற சொல்லுக்கு அப்படி ஒன்றும் வயதாகிவிடவில்லை. 1879இல் பாரிஸில் தோல் வைத்தியரான எர்னஸ்ட் பெனியே, உயிர், பார்த்தல் என்ற பொருள் தரும் இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டவைத்து உண்டாக்கியது. செத்த உடம்பை அறுத்துப் பார்ப்பதற்கு ஏற்கெனவே பெயர் இருந்தது. உயிரோடு உட்கார்ந்திருக்கிறவரிடம் கொஞ்சம் வாங்கிப் பார்ப்பதற்குத்தான் பெயர் இல்லாமல் இருந்தது. பெயர் வருமுன்பே காரியம் நடந்திருக்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின் தேசத்துக் கார்டோபாவில் இருந்த அரபு வைத்தியர் அல் ஸஹ்ராவி, கழுத்துக் கழலையில் ஊசி குத்தி உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்ததாக எழுதிவைத்திருக்கிறார். ஊசி இருந்தது, நுண்ணோக்கி இல்லை. அதனால் அது அதோடு நின்றது. 1858இல் பெர்லினில் ருடால்ஃப் விர்ஹோ, நோய் என்பது செல்லில் இருக்கிறது என்று புத்தகம் போட்டு அடித்துச் சொன்ன பிறகுதான் சதைத் துண்டுக்கு மரியாதை வந்தது. அதே பெர்லினில் 1870களில் கார்ல் ரூகே, யோஹான் ஃபைட் இரண்டு பேரும் கர்ப்பப்பை வாயிலிருந்து சின்னத் துண்டு எடுத்துப் பார்த்து, இது புற்று, இது வெறும் புண் என்று பிரிக்க ஆரம்பித்தார்கள்.

இந்தப் பழக்கம் வேரூன்றுவதற்குள்ளாகவே ஒரு பெரிய விவகாரம் வந்தது. என்னைக் கேட்டால், பயாப்சிக்குப் போகிற ஒவ்வொருவருக்கும் முதலில் சொல்ல வேண்டிய கதை இதுதான்.

1887 ஆரம்பத்தில் ஜெர்மனியின் பட்டத்து இளவரசர் ஃபிரெட்ரிக்குக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. குரல் தேறவில்லை. குரல்நாணில் ஒரு சின்ன முண்டு. கெர்ஹார்ட் என்கிற டாக்டர் மின்சாரத்தில் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் அதைச் சுட்டுச் சுட்டுப் பார்த்தார். முண்டு போவதும் வருவதுமாக இருந்தது. அறுவை வைத்தியர் பெர்க்மன், இது புற்றுதான், தொண்டையைத் திறந்து எடுத்துவிடலாம் என்றார். மே மாதம் நாளும் குறித்தாயிற்று. அந்தக் காலத்தில் அந்த ஆபரேஷன் உயிரோடு விளையாட்டு. அதனால் இங்கிலாந்திலிருந்து தொண்டை நிபுணர் மொரெல் மெக்கன்சியை வரவழைத்தார்கள். வந்தவர், "துண்டு எடுத்துச் சோதிக்காமல் கத்தி வைக்கக் கூடாது" என்று நிறுத்திவிட்டார். இன்றைக்கு எந்த டாக்டரும் சொல்கிற வார்த்தை. வாய் வழியாக இடுக்கியை விட்டு ஒரு துண்டு கிள்ளி எடுத்தார். சோதித்துச் சொன்னவர் சாமானியர் இல்லை, விர்ஹோவேதான். புற்று தெரியவில்லை என்றார். துண்டு போதவில்லை என்று மறுபடி எடுத்தார்கள், ஜூனில் இன்னொரு முறையும் எடுத்தார்கள். புற்று இல்லை, இல்லை, இல்லை. ஆபரேஷன் கைவிடப்பட்டது. இளவரசர் லண்டன் போய் மாமியார் விக்டோரியா மகாராணியின் பொன்விழா ஊர்வலத்தில் குதிரையேறிப் போனார்.

நவம்பரில், இத்தாலியின் சான் ரெமோவில் இருந்தபோது தொண்டையில் வேறு இடத்தில் கட்டி வளர்ந்திருந்தது. இப்போது சந்தேகமே இல்லை, புற்று. 1888 பிப்ரவரியில் மூச்சுவிடக் கழுத்தில் துளை போட வேண்டியதாயிற்று. மார்ச் 9இல் அப்பா இறந்து இவர் சக்கரவர்த்தியானார், ஒரு வார்த்தை பேச முடியாத சக்கரவர்த்தி, எல்லாம் சீட்டில் எழுதிக் காட்டித்தான். 99 நாள் ஆண்டார். ஜூன் 15இல் போய்ச் சேர்ந்தார். பெர்க்மன் கட்சியும் மெக்கன்சி கட்சியும் பத்திரிகைகளில் வருஷக்கணக்கில் சண்டை போட்டார்கள்.

விர்ஹோ தப்பாகப் பார்த்தாரா? இல்லை என்றுதான் நான் நினைக்கிறேன். தன்னிடம் வந்த துண்டில் இருந்ததைச் சொன்னார். முழு நோயையும் இந்தத் துண்டுகளை வைத்து நிச்சயமாகச் சொல்ல முடியாது என்று ஜூன் மாத ரிப்போர்ட்டில் அவரே பிடி வைத்துத்தான் எழுதினார். அந்த வரியை யாரும் படிக்கவில்லை. படிக்க விரும்பவில்லை என்பது இன்னும் சரி. நம் ஊரில், ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்போம். அது சோற்றுக்குத்தான். கட்டி ஒரே சீராக வேகாது. மேலே வெறும் தடிப்பு, நடுவே அழுகல், ஓரத்தில்தான் சங்கதி என்று இருக்கும். 'புற்றுநோய் அணுக்கள் காணப்படவில்லை' என்று ரிப்போர்ட் வந்தால் அதற்கு அர்த்தம், வந்த துண்டில் இல்லை என்பது மட்டும்தான். கட்டி இருக்கிறது, வளர்கிறது, ஸ்கேன் சந்தேகப்படுகிறது, ரிப்போர்ட் மட்டும் சுத்தம் என்றால் கோயிலுக்குத் தேங்காய் உடைத்துவிட்டுச் சும்மா இருக்கக் கூடாது. "துண்டு சரியான இடத்திலிருந்துதான் வந்ததா, மறுபடி எடுக்கணுமா?" என்று கேட்க வேண்டும். கேட்டால் நல்ல டாக்டர் கோபப்படமாட்டார்.

விர்ஹோ காலத்துக்கும் எங்கள் காலத்துக்கும் நடுவில் பாட்டில் வந்தது. அதாவது ஃபார்மலின். அது வந்த கதை எங்களுக்குப் பிடித்த கதை. ஃபிராங்ஃபர்ட்டில் ஃபெர்டினாண்ட் ப்ளூம் என்கிற இளம் டாக்டர், ஃபார்மால்டிஹைடு கிருமியைக் கொல்லுமா என்று சோதித்துக்கொண்டிருந்தார். கொன்றது. ஆனால் வேலை செய்து செய்து தன் விரல்தோல் காய்ந்த தோல்போல விறைத்துப்போயிருப்பதைக் கவனித்தார். விரலை இப்படிச் செய்தால் சதைத் துண்டை என்ன செய்யும்? ஊறவைத்துப் பார்த்தார். துண்டு அழுகவில்லை, கெட்டியாகி அப்படியே நின்றது. 1893இல் எழுதி வெளியிட்டார். 130 வருஷம் தாண்டியும் அதற்கு மாற்று வரவில்லை. ப்ளூமின் விரல்கள் எங்கள் எல்லோருக்கும் உண்டு. கையுறை தாராளமாகக் கிடைக்காத 80களில் என் வலக்கை நுனிகளில் ரேகையே தேய்ந்து கிடக்கும். வீட்டில் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டால் நுனிவிரல்களுக்குச் சூடே உறைக்காது.

உடம்பிலிருந்து எடுத்த நிமிஷத்திலிருந்து சதை தன்னைத்தானே செரிக்க ஆரம்பித்துவிடுகிறது. ஃபார்மலின் அந்தக் கடிகாரத்தை நிறுத்துகிறது. சலைன் நிறுத்தாது, தண்ணீர் நிறுத்தாது, ஸ்பிரிட் அரைகுறையாகத்தான் நிறுத்தும். துண்டைப்போல் பத்து மடங்காவது ஃபார்மலின் இருக்க வேண்டும். பாட்டில் வாய் அகலமாக இருக்க வேண்டும். இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும். மருந்து பாட்டிலின் குறுகிய வாய்க்குள் மெத்தென்று வழுக்கிக்கொண்டு போன கட்டி, ஊறிக் கெட்டியான பிறகு வெளியே வராது. பாட்டிலைத் துணியில் சுற்றிச் சுத்தியலால் உடைத்து எடுத்திருக்கிறேன், ஒரு தடவை இல்லை. சின்ன நர்சிங் ஹோம்களில் இன்றும் பாட்டிலைச் சொந்தக்காரர் கையிலேயே கொடுத்துப் போகச் சொல்வதுண்டு. கொண்டுபோகிறவர் நீங்கள் என்றால் மூன்று பாருங்கள். உள்ளே இருப்பது ஃபார்மலின்தானா என்று கேளுங்கள். பாட்டிலின் உடம்பில் பெயர், வயது, எந்த இடத்துச் சதை, இடமா வலமா என்று எழுதியிருக்கிறதா பாருங்கள். மூடியில் எழுதியிருந்தால் போதாது. மூடி மாறும். ஒரே நாளில் மூன்று லட்சுமி வந்து, மூன்று பேருக்கும் மார்புக் கட்டியாக இருந்த நாளில் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வயது எழுதியிருந்ததால் பிழைத்தோம்.

கழுத்து நெறிக்கட்டி என்றால் இன்னொன்று. நம் பக்கம் கழுத்துக் கட்டி என்று வருவதில் காசநோய் நிறைய. காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க வேண்டும் என்றால் உயிரோடு இருக்கிற கிருமி வேண்டும். ஃபார்மலின் அதைக் கொன்றுவிடும். அதனால் டாக்டருக்கு அந்தச் சந்தேகம் இருந்தால் துண்டில் ஒரு பகுதியை ஃபார்மலின் இல்லாமல், சுத்தமான சலைனில் தனியாக அனுப்புவார். மேலே நான் திட்டிய அதே சலைன்தான். எதற்கு எது என்பதுதான் விஷயம். "காசநோய் டெஸ்டுக்கும் தனியா எடுக்குறீங்களா?" என்று முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவைத்தால் இரண்டாவது தடவை கத்தி வைப்பது மிச்சம்.

"ரிப்போர்ட்டுக்கு ஏன் இத்தனை நாள்?" இதைக் கேட்காத ஆள் கிடையாது. ரத்த டெஸ்ட் மாதிரி மெஷினில் வைத்ததும் சீட்டு வருவதில்லை இது. ஒரு ராத்திரியாவது ஃபார்மலினில் ஊற வேண்டும். பிறகு படிப்படியாக ஆல்கஹாலில் முக்கி நீரை எடுக்க வேண்டும், சைலீனில் போட்டு ஆல்கஹாலை எடுக்க வேண்டும், அதன்பின் உருகிய பாரஃபின் மெழுகு உள்ளே ஏற வேண்டும். 60 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே உருகுகிற மெழுகு. நான் சேர்ந்த காலத்தில் பித்தளையில் ‘எல்’ வடிவத் துண்டுகள் இரண்டைச் சேர்த்து வைத்தால் ஒரு குட்டித் தொட்டி. அதில் மெழுகை ஊற்றித் துண்டைத் தலைகீழாக வைத்து ஆறவிட்டால் பிளாக். அதை மைக்ரோடோமில் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றினால் ஒரு மில்லிமீட்டரை முந்நூறாகச் சீவியதுபோல மூன்று மைக்ரான் கனத்தில் ரிப்பன் ரிப்பனாக வரும். முடிதிருத்துகிறவர் கத்தி தீட்டுவதுபோல நாங்களும் தினம் காலையில் தோல்வாரில் எங்கள் கத்தியைத் தீட்டியாக வேண்டும். கத்தியில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பல் இருந்தாலும் ரிப்பனில் கோடு விழும். பழகியவன் கைக்குச் சத்தத்திலேயே தெரிந்துவிடும்.

ரிப்பனை வெந்நீரில் மிதக்கவிட்டு, கண்ணாடி ஸ்லைடில் ஏந்த வேண்டும். ஒட்டுவதற்குப் பசை? முட்டை. டீக்கடையில் ஒரு முட்டை வாங்கி, வெள்ளைக்கருவை மட்டும் எடுத்துக் கிளிசரினோடு அடித்து வடிகட்டி, கெடாமல் இருக்கத் தைமால் ஒரு துணுக்குப் போட்டு வைத்துக்கொள்வோம். மஞ்சள் கரு யாருக்கு என்று லேபில் தகராறு நடக்கும். பிறகு சாயம். நீலம் தருகிற ஹிமடாக்சிலின், மெக்சிகோவின் காம்பெச்சே கரையோரக் காட்டில் வளரும் ஒரு மரத்தின் வைரத்திலிருந்து வருவது. ஸ்பெயின்காரர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிப்போய்த் துணிக்குச் சாயம் போட்டார்கள். 1860களில் ஜெர்மனிக்காரர்கள் அதில் படிகாரம் சேர்த்துச் செல்லின் உட்கருவுக்கு ஏற்றப் பழகினார்கள். ரோஜா நிறம் தருகிற ஈயோசின் 1874இல் சாய ஆலையில் பிறந்தது, கிரேக்கர்களின் விடியல் தேவதை பெயர். 1876 முதல் இரண்டையும் ஜோடியாகப் போடுகிறார்கள். இன்றைக்கு உங்கள் ஊர் லேபில் போடுவதும் அதே ஜோடிதான். கரைத்த உடனே ஹிமடாக்சிலின் வேலைக்கு ஆகாது, முதிர வேண்டும். எங்கள் மொட்டைமாடியில் வடகம் காய்கிற வெயிலில் வாரக்கணக்காகப் பாட்டில் நிற்கும். எலும்பாக இருந்தால் இவ்வளவுக்கும் முன்னால் அமிலத்தில் நாள்கணக்கில் ஊறவைத்துச் சுண்ணாம்பைக் கரைக்க வேண்டும். சில கட்டிகளுக்கு முதல் சாயத்தில் குலம் கோத்திரம் தெரியாது, ஆன்டிபாடி வைத்துத் தனிச் சாயம் போட வேண்டும், இன்னும் சில நாளும் இன்னும் கொஞ்சம் பணமும் ஆகும். தாமதமானாலே கெட்ட செய்தி என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்கிறவர்களுக்காகத்தான் இதைச் சொல்கிறேன். பெரும்பாலும் அப்படி இல்லை. மெழுகு ஆறவில்லை, அவ்வளவுதான்.

அவசரப்பட்டவர்களும் இருந்தார்கள். 1905 வாக்கில் அமெரிக்காவின் மினசோட்டாவில் மேயோ சகோதரர்களின் ஆஸ்பத்திரி. நோயாளி மேஜையில் கிடக்கும்போதே இது புற்றா இல்லையா என்று சொல்ல உங்களால் முடியாதா என்று வில்லியம் மேயோ தன் பேத்தாலஜி டாக்டர் லூயி வில்சனிடம் கேட்டார். அங்கே குளிர்காலம் என்றால் ரத்தம் உறையும் குளிர். வில்சன் துண்டை ஜன்னலுக்கு வெளியே வைத்தார், உறைந்தது. சீவினார், மெத்திலீன் புளூ சாயத்தில் முக்கினார், பார்த்தார். சில நிமிஷ வேலை. ஃப்ரோஸன் செக்‌ஷன் என்று நாம் சொல்வது அந்த ஜன்னலிலிருந்து நிலைத்தது. மெழுகு, முட்டை, வெயில் எதுவும் வேண்டாம்.

அறுவை வைத்தியர்களுக்கு இது வரம். நோயாளிகளுக்கு, முக்கியமாகப் பெண்களுக்கு, வரமா என்று எனக்குச் சந்தேகம். மார்பில் கட்டி என்று வந்தவளை மயக்கத்தில் படுக்கவைத்து, துண்டு எடுத்து, ஃப்ரோஸனில் புற்று என்று தெரிந்தால் அதே மயக்கத்தில் மார்பை முழுவதும் எடுத்துவிடுவார்கள். கையெழுத்து முதலிலேயே வாங்கியாயிற்று. கண்விழித்துத் தடவிப் பார்த்துத்தான் தனக்கு என்ன நோய் என்று ஒருத்தி தெரிந்துகொள்வாள். அமெரிக்காவில் அறுபது, எழுபது வருஷம் இதுதான் வழக்கம். எதிர்த்துப் பேசியவர்களில் ஒருவர் பழைய சினிமாவின் குழந்தை நட்சத்திரம் ஷெர்லி டெம்பிள். 1972இல் அவருக்குக் கட்டி வந்தபோது, முதலில் சோதனை மட்டும், முடிவு தெரிந்த பிறகு நான்தான் தீர்மானிப்பேன் என்று பிடிவாதமாக நின்றார். மறு வருஷம் அதைப் பத்திரிகையில் வெளிப்படையாக எழுதினார். அடுத்தவர் ரோஸ் குஷ்னர் என்கிற பத்திரிகையாளர். 1974இல் தன் மார்பில் கட்டியைக் கண்டதும், சோதனையை மட்டும் செய்து நிறுத்தச் சம்மதிக்கும் டாக்டரைத் தேடி அலைந்தார். அதே வருஷம் ஜனாதிபதியின் மனைவி பெட்டி ஃபோர்டுக்கு ஒரே மயக்கத்தில் எல்லாம் முடிக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு வெள்ளை மாளிகைக்கே போன் போட்டுத் தடுக்கப் பார்த்தார். கேட்கவில்லை. குஷ்னர் புத்தகம் எழுதினார், மாநாடுகளில் டாக்டர்களின் ஏச்சை வாங்கினார். 1979இல் அந்நாட்டு அரசின் நிபுணர் குழு, சோதனை ஒரு நாள், சிகிச்சை வேறு நாள் என்று பரிந்துரைத்தது. டாக்டர் அல்லாத குஷ்னரும் அந்தக் குழுவில் உட்கார்ந்திருந்தார்.

நம் ஊரில் ஒப்புதல் படிவம் என்று ஒரு தாளை நீட்டினால் அதைப் படிக்காமல் மகனோ மருமகனோ கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு எரிச்சல் வருவது இங்கேதான். படுத்திருக்கிறவருக்குச் சுயநினைவு இருக்கிறது, எழுதத் தெரியும், தாளை அவர் கையில் கொடுங்களேன். அதில் துண்டு எடுப்பது மட்டும் எழுதியிருக்கிறதா, 'தேவைப்பட்டால் முழுவதும் அகற்ற' என்றும் சேர்த்து எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வரி சில சமயம் நியாயம்தான், வயிற்றைத் திறந்த பிறகு மூடிவிட்டு மறுபடி திறக்க முடியாது. ஆனால் அது தெரிந்து போட்ட கையெழுத்தாக இருக்க வேண்டும். அப்போதே ஆஸ்பிரின், கிளோபிடோக்ரெல், வார்ஃபரின் என்று ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். இருதய டாக்டரைக் கேட்காமல் நீங்களாக நிறுத்தியும் விடாதீர்கள், அது இன்னொரு வம்பு.

இனி அந்தப் பெரியவரின் கேள்வி.

கத்தி பட்டால் பரவும், காற்றுப் பட்டால் பரவும் என்பது நம் ஊர் மூடநம்பிக்கை மட்டும் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெரிய பெரிய அறுவை வைத்தியர்களே அந்தப் பயத்தில் இருந்திருக்கிறார்கள். பயத்துக்குக் காரணமும் இருந்தது. அந்தக் காலத்தில் ஆள் வருவதே கட்டி உடைந்து சீழ் வடிந்த பிறகுதான். கத்தி வைப்பார்கள், ஆறு மாதத்தில் ஆள் போய்விடுவார், பழி கத்தி மேல் விழும். உள்ளே ஏற்கெனவே பரவியிருந்தது யாருக்குத் தெரியும்? டாக்டர் வீடும் தப்பவில்லை. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் தங்கை 1923இல் மலக்குடல் புற்றுநோயில் இறந்தார். அண்டை அயல் இல்லாத பட்டிக்காடா? சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்துத் தேறிய ஒரு டாக்டரின் கூடப்பிறந்தவள். அந்தத் துக்கம்தான் 1954இல் 12 படுக்கையோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக நின்றது.

பயத்தைக் கொஞ்சம் தணித்தது ஊசி. 1930இல் நியூயார்க் மெமோரியல் ஆஸ்பத்திரியில் ஹேய்ஸ் மார்ட்டின் என்கிற அறுவை வைத்தியரும் எட்வர்ட் எல்லிஸும் சேர்ந்து, கட்டியில் ஊசி குத்தி உறிஞ்சி எடுத்ததை ஸ்லைடில் தடவிப் பார்க்கிற முறையை வெளியிட்டார்கள். எல்லிஸ் டாக்டர் இல்லை. லேப் டெக்னீஷியன், நம்ம ஆள். அந்தப் பெயரை முதலில் படித்த அன்றைக்கு நான் லேபில் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன். அவர்கள் ஊசி கொஞ்சம் தடிமன். 1950களில் ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்காவில் சிக்ஸ்டன் ஃபிரான்சேன் முதலானவர்கள் தடுப்பூசி போடுகிற அளவு மெல்லிய ஊசியில் அதைச் செய்து காட்டினார்கள். 'ஊசி போட்டு நீர் எடுக்கிறது' என்று நம் மக்கள் சொல்கிற எஃப்.என்.ஏ.சி. அதுதான். மயக்கம் வேண்டாம், தையல் வேண்டாம், மறுநாளே முடிவு. ஆனால் அதில் வருவது உதிரிச் செல்கள். சோற்றுப் பருக்கைகளைப் பார்த்துப் பானையின் வடிவத்தைச் சொல்ல முடியாது. அதனால்தான் நீர் எடுத்த பிறகும் தடித்த ஊசியில் கம்பிபோலத் துண்டு எடுக்கச் சொல்கிறார்கள். ஏமாற்றிப் பணம் பிடுங்குகிறார்கள் என்று உடனே முடிவுகட்ட வேண்டாம். எந்த வகை, ஏன் அந்த வகை என்று கேளுங்கள்.

பரவுமா? ஊசி போன தடத்தில் செல் சிந்தி வளர்ந்த சம்பவங்கள் உண்டு, மிக அரிது. சோதிக்காமல் வைத்திருப்பதில் உள்ள ஆபத்துக்கு முன்னால் அது ஒன்றுமில்லை. விதிவிலக்கு இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. விரையில் கட்டி என்றால் பையின் தோல் வழியாக ஊசி குத்தமாட்டார்கள், முழுவதையும் மேலே இடுப்புமடிப்பு வழியாகத்தான் எடுப்பார்கள். கை கால் எலும்பிலும் தசையிலும் வருகிற சார்க்கோமா என்றால், துண்டு எடுத்த தடமும் பின்னால் ஆபரேஷனில் சேர்ந்து வெளியே வர வேண்டும். அதனால் துளை எங்கே போடுவது என்பதை, பிறகு ஆபரேஷன் செய்யப்போகிறவரே தீர்மானிக்க வேண்டும். 1982இல் பாஸ்டனின் ஹென்றி மேன்கின் என்கிற எலும்பு வைத்தியர், பல ஊர்களிலிருந்து 329 நோயாளிகளின் கணக்கைக் கூட்டி ஒரு கட்டுரை எழுதினார். நூற்றில் 18 பேருக்கு நோயே பெரிய அளவில் தப்பாகச் சொல்லப்பட்டிருந்தது. நூற்றில் நாலைந்து பேருக்கு, எடுக்க வேண்டியிராத கையோ காலோ போயிருந்தது. சிக்கல்கள், சிகிச்சை தரப்போகிற பெரிய இடத்தில் எடுத்ததைவிட, அனுப்பிவைத்த சின்ன இடத்தில் எடுத்தபோது மூன்று முதல் ஐந்து மடங்கு. 1996இல் திரும்ப எண்ணிப் பார்த்தார், பெரிதாக ஒன்றும் மாறியிருக்கவில்லை. ஆகவே பெரியவரே, கத்தி பட்டதாலேயே பரவிவிடாது. தெரியாத கை பட்டால் கெடும். இதைத்தான் அன்றைக்குச் சொல்லியிருக்க வேண்டும்.

கடைசியாக, துண்டு யாருடையது என்பது. 1951இல் பால்டிமோரில் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கர்ப்பப்பை வாயிலிருந்து எடுத்த துண்டில் ஒரு பங்கை, அவரைக் கேட்காமலே ஆராய்ச்சிக்குக் கொடுத்தார்கள். அவர் அதே வருஷம் அக்டோபரில் இறந்தார். செல்கள் சாகவில்லை, இன்றும் உலகத்து லேப்களில் பெருகிக்கொண்டிருக்கின்றன. குடும்பத்துக்குத் தெரியவந்தது இருபது வருஷம் கழித்து.

உங்கள் துண்டு அவ்வளவு தூரம் போகாது. சோதித்து முடித்ததும் மிச்சம், மெழுகு பிளாக்காக லேபின் மர டிராயரில் வருஷக்கணக்கில் கிடக்கும். அது அங்கே இருப்பதே பாதி நோயாளிகளுக்குத் தெரியாது. வேறு ஊரில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிப்போர்ட் தாளை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். அங்கே கேட்பது தாளை இல்லை, பிளாக்கையும் ஸ்லைடையும். அது இருந்தால் மறுபடி கத்தி வைக்காமலே இன்னொரு டாக்டர் பார்த்துச் சொல்லலாம், புதுச் சாயங்கள் போடலாம். எழுதிக்கொடுத்துக் கேட்டால் தருவார்கள், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லைடு கண்ணாடி, பஞ்சு சுற்றுங்கள். பிளாக்கைச் சித்திரை வெயிலில் கார் டேஷ்போர்டில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள். மெழுகு இளகிவிடும்.